ஓடிபி அவர் போனுக்குப் போனது: பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து இர்விங் வரை

எந்த ஊருக்கு எந்த ஆப் வைத்துக்கொண்டு போகிறாய் என்று இந்த வலைப்பூவில் பலர் கேட்கிறீர்கள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை போன பயணத்தைச் சொல்கிறேன். சுற்றுலா இல்லை. களைப்பு இன்னும் தீரவில்லை.

டெக்சாஸ் இர்விங்கில் இருக்கும் என் தங்கை பானுவுக்குப் பிரசவத் தேதி இரண்டு வாரம் தள்ளித்தான் இருந்தது. அவள் கணவர் விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஈரோட்டிலிருந்து அம்மா வர இன்னும் பத்து நாள். அதற்குள் குழந்தை வந்துவிடக் கூடாது என்று எல்லாரும் வேண்டிக்கொண்டிருந்தோம். காலை ஐந்தரைக்கு அவள் போன் வந்தது.

"அக்கா, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஆப்ல கேப் போட்டுட்டேன், ஹாஸ்பிடல் போயிட்டிருக்கேன். நீ வந்துருவல்ல?"

"வந்துர்றேன்டி. உன்னைத் தனியா விட மாட்டேன்."

பிரசவ வலியோடு ஒரு பெண் தானே டாக்ஸி பிடித்துப் போகிறாள். அதை நினைத்து அழ எனக்கு நேரமில்லை. பத்து நிமிடத்தில் விமான டிக்கெட் போட்டேன். பிளெய்ன்ஸ்பரோ வீட்டிலிருந்து பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் போகும் வழியிலேயே ரயில் டிக்கெட்டையும் போனில் எடுத்தேன். ஏழரைக்கு நூவர்க் விமான நிலையம், 9:05க்கு விமானம். கேட்டில் உட்கார்ந்து பானுவுக்கு என் லொகேஷனை ஷேர் பண்ணிவிட்டேன். வீட்டில் பையனின் ஸ்கூல் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கும் அதே பழக்கம்தான். அதுவரை எல்லாம் தடையில்லாமல் நடந்தது.

டாலஸில் இடியும் மழையும். எங்களை ஹூஸ்டனில் இறக்கிவிட்டார்கள், டெக்சாஸ் நேரம் 12:20. ஒரு மணிக்கு விமானம் ரத்து என்று ஆப்பில் செய்தி வந்தது. இர்விங் அங்கிருந்து ஏறக்குறைய 240 மைல். கார் எடுத்தால் நாலு மணி நேரம்.

வாடகைக் கார் கவுன்ட்டரில் நான்கு விமானத்துக் கூட்டம் நின்றது. ஆப் வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், நேராகக் காருக்குப் போகலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆப்பைத் திறந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் போன் மாற்றியிருந்தேன், அதனால் மறுபடி லாகின் கேட்டது. ஆறு எண் ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. யாருக்கு? பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் என் கணவர் செந்திலுக்கு.

இது நம் வீடுகளில் மட்டுமே நடக்கிற கூத்து. அமெரிக்காவுக்கு அவர் வேலைக்கு வந்தார், நான் அவரோடு வந்தேன். வந்த புதிதில் மின்சாரம், பேங்க், கார் என்று எல்லாவற்றுக்கும் அவர் நம்பர் கொடுத்தோம். பதினொரு வருடமாகிறது. நானும் சம்பாதிக்கிறேன், டிக்கெட்டும் நானே போடுகிறேன், ஓடிபி மட்டும் இன்னும் வீட்டுக்காரரைத்தான் தேடிப் போகிறது.

பதினோரு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் அவருக்கு க்ளையன்ட் மீட்டிங், போன் சைலண்ட்டில் இருக்கும். வரிசையும் நகரவில்லை. பானு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தாள். "அக்கா, மேப்ல உன் புள்ளி அங்கயே நிக்குது."

அப்போதுதான் எங்கள் வீட்டில் தினமும் ஓடும் ஒரு ஆப் ஞாபகம் வந்தது. சோபா இடுக்கில் விழுந்த போனைக் கண்டுபிடிக்கிற ஆப். பட்டனை அமுக்கினால் சைலண்ட்டில் இருக்கும் போனும் ஊரைக் கூட்டும். அமுக்கினேன். ஒரு நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

"என்னாச்சு? ரூமே என்னைப் பாக்குது!"

"பாக்கட்டும். இப்ப ஒரு ஓடிபி வரும், படிங்க."

படித்தார். இரண்டு மணிக்குக் கார் கிளம்பியது. வாடகை 186 டாலர்.

ஐ-45 நேரான, அலுப்பான சாலை. பாதி தூரம் மழை. ஹன்ட்ஸ்வில்லில் பத்து நிமிடம் நின்றேன், உடனே ஸ்பீக்கரில் பானு.

"ஏன் நின்னுட்ட?"

"பாத்ரூம்டி. அதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

சிரித்தாள். பாதிச் சிரிப்பில் வலி வந்து போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. மேப் குரல் மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

6:20க்கு ஆஸ்பத்திரி. பார்க்கிங்குக்கும் ஒரு ஆப் இறக்கச் சொன்னார்கள். இறக்கினேன், வேறென்ன செய்ய.

குழந்தை 4:58க்கே பிறந்துவிட்டது. பெண். நான் வாசலிலேயே நின்று அழுதேன். தனியாக விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

"எதுக்கு அழற? அவ பொறந்தப்ப மேப்ல நீ கோர்சிகானா ஊர் வரைக்கும் வந்துட்டிருந்த," என்றாள் பானு. "கூட யாரும் இல்லையான்னு நர்ஸ் கேட்டாங்க. போன்ல உன் புள்ளியைக் காட்டி, தட்ஸ் மை சிஸ்டர், ஷி இஸ் கமிங்னு சொன்னேன். கடைசி வரைக்கும் அந்த நர்ஸ்தான் போனை என் முகத்துக்கு நேரா புடிச்சிட்டு நின்னாங்க."

மெத்தையில் அவள் போன் கிடந்தது. மேப் திறந்தே இருந்தது. என் புள்ளி அவள் புள்ளி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

போகிறவர்களுக்கு: ரயில், விமானம், கார் எல்லா ஆப்பிலும் முந்தின நாளே லாகின் பண்ணிப் பாருங்கள், முக்கியமாகப் போன் மாற்றியிருந்தால். ஹூஸ்டன் முதல் டாலஸ் வரை மழையில் நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களே, இன்றைக்கே ஒவ்வொரு கணக்கிலும் உங்கள் நம்பரை மாற்றுங்கள். எனக்கு இரண்டு மாலைப் பொழுது ஆனது. மாற்றுவதற்கும் ஓடிபி அவருக்குத்தான் போனது.

பயணம் முடிந்ததும் லொகேஷன் ஷேரிங்கை அணைத்துவிடுங்கள் என்று முன்பு எழுதியிருக்கிறேன். நான் இன்னும் அணைக்கவில்லை. தினமும் காலையில் பானுவிடமிருந்து ஒரு வரி வருகிறது. "ஆபீஸ் போய்ச் சேந்துட்ட போல." இதுக்காவது நேரத்துக்கு வந்தேன்டி என்று பதில் போடுகிறேன்.