திருத்தணியில் சூரனைத் தேடிய பாவா

இந்த ஐப்பசியில் கந்த சஷ்டிக்குத் திருத்தணி போனேன். வேண்டுதல் எதுவும் இல்லை, ஒரு நாவலால் வந்த பயணம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

தூத்துக்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, ரிட்டயர் ஆனபின் வெள்ளைக்காரன் காலத்து ஆப்பிரிக்காவை வைத்து ஒரு சாகசக் கதை எழுதினார். திருத்தணிக்காரன் ஒருவன் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறான். சாட்டையடி, காட்டுக்குள் ஓட்டம், முதலை ஆறு. கடைசியில் சஷ்டியன்று, சாட்டையால் அடித்த வெள்ளைக்கார மேஸ்திரியை வெட்டிச் சாய்க்கிறான். எனக்குப் பரம திருப்தி. பதிப்பகத்தாருக்கு இல்லை. முடிவு சப்பென்று இருக்கிறது, இந்த மாதத்துக்குள் மாற்றித் தந்தால்தான் புத்தகம் என்று சொல்லிவிட்டார்கள்.

சஷ்டிக்கு வருகிறேன் என்றார் பாவா. சாமி பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டையிலிருந்து மதிய பஸ், அடிவாரத்திலிருந்து மலைக்கு ஆட்டோ. மேலே போனதும் பூக்காரம்மாவிடம், சூரன் எந்தப் பக்கமாக வருவான் என்று கேட்டாரே பார்க்கலாம்.

"சூரனா? எந்த ஊருங்க நீங்க? சாமி கோவம் தணிஞ்சி உக்காந்த மலைங்க இது. இங்க சம்ஹாரம் கெடையாது, பூ போடறதுதான். ஒரு கூடை வாங்கினு போங்க."

பாவா முகம் செத்துவிட்டது. திருச்செந்தூர் சம்ஹாரம் பார்த்தே வளர்ந்தவர். எல்லா ஊரிலும் அப்படித்தான், தன் கதாநாயகன் ஊர் சம்ஹாரத்தைப் பார்த்து முடிவை எழுதிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

"அப்போ எம் ஆளு மேஸ்திரியை வெட்டாம விட்டுறணுமா, சரசு?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மேஸ்திரி செய்த அக்கிரமம் கொஞ்சமா?

சாயங்காலம் கூடை கூடையாகப் பூவைக் கொட்டினார்கள். சண்முகர் முகம் மட்டும்தான் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டே சும்மா இருக்காமல் கேட்டேன்.

"திருச்செந்தூர்ல சூரனை வெட்டிட்டு வந்துதானே பாவா சாமி இங்க உக்காந்துச்சி. உங்க ஆளு வெட்டிட்டு எங்க போயி உக்காருவான்?"

பாவா பிரசாதத்துக்குக்கூட வரவில்லை. கூட்டம் கலைந்தபிறகு படியில் உட்கார்ந்து சொன்னார்.

"வெட்டுனதோட கதைய முடிச்சிட்டேன். அதுக்குப் பெறவு அவன் என்ன ஆவான்னு நான் யோசிக்கவே இல்ல."

சஷ்டிக்கு வருகிறவர்களுக்கு: பூவை அடிவாரத்திலேயே வாங்குங்கள், மேலே விலை கூடுதல். மதியமே ஏறிவிடுங்கள். இறங்கும்போது ஆட்டோவுக்கு அடிதடி, முட்டி நன்றாக இருந்தால் படியில் இறங்குவதே மேல். மறுநாள் திருக்கல்யாணம், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

பாவா எங்கள் வீட்டிலேயே தங்கிப் புது அத்தியாயம் எழுதுகிறார். வெட்டிவிட்டு ஓடியவன் ஆப்பிரிக்காவில் ஒரு மலைமேல் போய் உட்கார்ந்திருக்கிறான், துரத்த ஆளில்லை, கை மட்டும் இன்னும் நடுங்குகிறது. அந்தக் கை நடுக்கம் நிற்கிறவரை உன் வீட்டுக்காரர் ஊர் திரும்ப மாட்டார் என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.