நாதாங்கி மட்டும் போட்ட வீடு

சின்னமனூரில் வாய்க்கால் ஓரமாக ஒரு பழைய தெரு உண்டு. வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வெளியூர் போய்விட, தேக்குக் கதவும் தூணுமாக வீடுகள் மட்டும் மிச்சமிருந்தன. காலாண்டு லீவுக்குத் தேனியிலிருந்து அத்தை வீட்டுக்குப் போன நான், பத்து வயதுக்காரி, அந்தத் தெருவை நானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன். கதவிடுக்கில் கண்ணை வைப்பதும், சின்னப் பாலத்தில் நின்று தண்ணீரில் துப்பி அது எவ்வளவு தூரம் போகிறதென்று பார்ப்பதுமாகப் பொழுது ஓடியது.

அங்கே ஒரு வீட்டுக்குப் பூட்டு கிடையாது, வெறும் நாதாங்கிதான். புரட்டாசியில் நடக்கும் அம்மன் கோயில் பொங்கலுக்கு அதில்தான் முளைப்பாரி வளர்த்தார்கள். வீட்டுக்கு ஒரு சட்டியாக இருட்டறையில் பயறு முளைக்கும்; பச்சையேறாமல் நேராக வளர்ந்தால்தான் நல்ல சகுனம். விரதமிருக்கும் ஒரு பெண் மட்டும் விடியலில் குளித்துவிட்டுப் போய்த் தண்ணீர் தெளிப்பாள். அந்த வருஷம் அது அத்தையின் பொறுப்பு. கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று அதுவரை அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

"இந்தத் தடவ என்னையக் கேட்டாக" என்று மாமாவிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாள். "நீ அங்கன மட்டும் போயிராத ஆத்தா" என்று என்னிடமும் சொன்னாள். சொல்லாமலிருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் போனேன். சாமி காரியம் நடக்கும் இடமென்று செருப்பை உள் நடையில் கழற்றி வைத்தேன். அந்த மட்டில் எனக்குப் பக்தி இருந்தது. முளைகள் முழங்கை உயரத்துக்கு வெளிறிப்போய் நின்றன. செடிக்கு வெயில் வேண்டும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். இத்தனை பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டு, வாய்க்கால் பக்கத்து ஜன்னலை விரியத் திறந்துவிட்டேன். அந்நேரம் வாசலில் யாரோ இருமினார்கள். செருப்பை விட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓட்டமெடுத்தேன்.

மறுநாள் விடியலில் அத்தை வழக்கம்போலத் தண்ணீர் தெளிக்கப் போனாள். வெகுநேரம் கழித்தே திரும்பினாள். அப்புறம் ஊர்ப் பெண்கள் சட்டி தூக்க வந்தபோது நானும் பின்னாலேயே போனேன். ஜன்னல் ஓரத்து முளையெல்லாம் பச்சையேறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஜன்னலோ சாத்தியிருந்தது. காற்று சாத்தியிருக்கும், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"நாள் கணக்குப் பாத்துத்தான உள்ள வந்த?" என்று அவர்களில் மூத்தவள் அத்தையைக் கேட்டாள்.

"தப்பிருச்சு மதினி. எம்மேலதான் குத்தம்."

என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. நான் பெரியவளாகி, மூன்று நாள் சாமி படத்துப் பக்கம் வராதே என்று அம்மா தள்ளி வைத்தபோதுதான் விளங்கியது. ஆனால் குற்றம் யாருடையது என்பது அன்றைக்கே தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஊர்வலம் அத்தையை விட்டுவிட்டுப் போனது. அவள் தன் சட்டியைத் தனியாக வாய்க்காலில் கரைத்ததைப் பாலத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த அப்பா, செருப்பு எங்கே என்று கேட்டார். வாய்க்காலோடு போய்விட்டது என்றேன். அத்தை பக்கத்தில்தான் நின்றாள். என் தலையைச் சீவிவிட்டாள்.

தேனிக்கு வந்து பையைத் திறந்தால், அடியில் பேப்பரில் சுற்றி என் செருப்பு. கழுவித் துடைத்திருந்தது. கிடைத்துவிட்டது என்று குதித்தேன். அத்தைக்கு அது எங்கே கிடைத்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை.