கழுத்தில் ஒட்டிய மண்

ஹட்டனில் எங்கள் கல்லூரியின் விளையாட்டுச் செய்திகளை முகநூலில் போடுவது என் வேலை. அப்படித்தான் அவளைச் சந்தித்தேன். குண்டு எறிகிற பெண்; அகலமான தோள், எதற்கும் அவசரப்படாத நடை. எறிவதற்கு முன் குண்டை மைதானத்து மண்ணில் ஒருமுறை உருட்டிவிட்டுத்தான் கழுத்தில் அழுத்துவாள். ஒட்டிய மண்ணைத் துடைக்கவே மாட்டாள்.

மாகாணப் போட்டியில் தங்கம் வாங்கினாள். மறுநாள் பயிற்சி முடிந்ததும் தேயிலை மலைக்கு அழைத்துப்போய், ஒரு கொழுந்துக் கூடையை நீட்டினேன்.

“எனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாதுங்க சார். அம்மாகூட டவுன்ல புடவைக் கடையிலதான் வேலைக்கு நிக்கிறாங்க.”

“சும்மா படத்துக்குத்தாம்மா. இப்படிப் போட்டாத்தான் ஆளுங்க பாப்பாங்க.”

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். ‘கொழுந்து பறிக்கும் கையில் தங்கம்’ என்று எழுதிப் போட்டேன். நாடெங்கும் பரவியது.

அடுத்த வாரம் மைதானத்தில் என்னிடம் வந்தாள். “படம் நல்லாருக்குங்க சார். நான் எவ்வளவு தூரம் எறிஞ்சேன்னுதான் எங்கயும் காணோம்.” கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, குண்டை உருட்டப் போய்விட்டாள்.

அன்றே தூரத்தைச் சேர்த்தேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இப்போது அந்தப் படத்தைத் திறந்தால் என் கண் கழுத்துக்குத்தான் போகிறது. கூடைக் கயிற்றுக்குக் கீழே அந்த மண் அப்படியே இருக்கிறது. படத்தில் நான் மாட்டிவிடாதது அது ஒன்றுதான்.