பிடித்ததும் விடுகிறவன்

என் தங்கை புருஷன் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு மனத்தாங்கல். மல்யுத்தச் சுவரொட்டியில் அவன் முகம் ஆள் உயரத்துக்கு இருக்கும். என் பெயர் அடியில், அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி கிடக்கும். அவனுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அவன் ரக்பியில், அதுதான் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம், நாட்டுக்காக ஆடியவன். முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுகிற இடம். அவனைத் தாண்டி யாரும் போக முடியாது என்பதால் 'கதவு' என்று பெயர். ஓட்டம் போதவில்லை என்று ஒருநாள் அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போ. சோபா குழி விழுந்துருச்சு" என்றாள் தங்கை. சனிக்கிழமைதோறும் நான் சண்டை போடும் அரங்குக்குக் கூட்டிப்போனேன்.

யானைப் பலம்தான். ஆனால் ரக்பியில் ஆளைச் சாய்த்த உடனே பிடியை விட்டாக வேண்டும்; சட்டம் அப்படி. மல்யுத்தத்தில் மூன்று எண்ணும்வரை தரையோடு அமுக்க வேண்டும். இவன் என்னை மூட்டை மாதிரி இறக்குவான், உடனே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விலகிவிடுவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"இந்த வாரமும் விட்டா, இனிமே வராதீங்க" என்றார் அரங்கு முதலாளி.

கதவு அன்று சாப்பிடவில்லை. "இதுவும் போச்சுன்னா நான் என்ன மச்சான் பண்றது?" என்றான்.

அந்தச் சனிக்கிழமை என்னைச் சாய்த்தான். பழக்க தோஷம், கை மேலே கிளம்பியது. முன்வரிசையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்: "விட்டீங்க, வீட்டுக்கு வராதீங்க."

அப்படியே என் மேல் படுத்துவிட்டான். நடுவர் மூன்று எண்ணி முடித்தார். இவன் அசையவில்லை.

"முடிஞ்சிருச்சு மாப்ளே, எந்திரி."

"நெஜமா எண்ணிட்டாரா மச்சான்?"

"எண்ணிட்டாருடா. என் விலாவைக் கேட்டுப் பாரு."

அதன்பிறகு முட்டி தேய்ந்து போகும்வரை அவனுக்கு அந்த அரங்குதான் எல்லாம். பழைய அணிக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால், "சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்று பெருமையாகச் சொல்வான்.

போன வருடம் இருதயம் மக்கர் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் வெளியே போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"நான் போயிட்டா அணிக்காரங்க கோட்டு போட்டுக்கிட்டு வருவாங்க மச்சான். பெட்டிய நாங்க தூக்குறோம்பாங்க. வேணாம்னு சொல்லிருங்க. அவங்க கையில எதைக் குடுத்தாலும் எடுத்துட்டு ஓடிருவாங்க. நம்ம அரங்கு ஆளுங்களே தூக்கட்டும். இதுலயாவது நீங்க முன்னாடி நில்லுங்க."