மீன் சட்டிக்குள்ள வச்ச டின்

எங்க வீட்டுக்காரர் சுகுமாறன் யாரையும் நம்பமாட்டார். சிம்பாங் ரெங்கத்துல ஒரு பலகைத் தொழிற்சாலையில பதினெட்டு வருஷமா ஜாகா வேலை. கேட்ல காவல் நின்னு நின்னு, பார்க்குறவன் எல்லாம் அவருக்குத் திருடனாத்தான் தெரியுறான். நான் என்ன செய்யுறது, கட்டிக்கிட்டாச்சு லா.

போன வருஷம் சார்டின் டின் சாப்பிட்டு எங்க மக லோஷினி மூணு நாள் ஆஸ்பத்திரில கிடந்தா. இவரு நேரா சுகாதார இலாகாவுக்குப் போனார். "திறந்த டின் பத்தாது அண்ணே. அதே தேதி போட்ட, திறக்காத டின் வேணும். கெட்டதுன்னு சோதனையில வந்தா கம்பெனி மேல கேஸ் போடலாம். மலேசியா தின லீவு முடிஞ்சு புதன்கிழமை கொண்டாங்க"ன்னு ஆபிசரம்மா சொல்லிட்டாங்க. வீட்ல ரெண்டு டின் மிச்சம் இருந்துச்சு. ரெண்டும் உப்பிப்போய்க் கிடந்துச்சு.

டின் வாங்குன உலகப்பன் கடையில போய்ப் பார்த்தா, அந்த மீன் ஒண்ணுகூட இல்ல. மறுநாள் கம்பெனி ஆள் ஒருத்தன் பழக்கூடையோட வாசல்ல நிக்குறான். நம்ம வீடு இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே திக்குனுச்சு. இவரு அவனை விரட்டிட்டு டின்னை ஒளிச்சு வச்சார். எங்கன்னு கேட்டேன். "உனக்கு எதுக்கு?"ன்னார். வேலையிடத்துல பூட்டி வச்சிருப்பார்னு விட்டுட்டேன்.

செவ்வாய்க்கிழமை, விடிஞ்சா புரட்டாசி. மீன் சட்டியெல்லாம் கழுவிப் பரண்ல ஏத்தணும். பெரிய சட்டியைத் திறந்தா உள்ள ரெண்டு உப்புன டின். அந்த ரெண்டும்தான் வேலையிடத்துல இருக்கே, அலமாக், இன்னும் மிச்சம் கிடக்கான்னு பதறிப்போய்க் குப்பையில வீசினேன். சாயங்காலமே குப்பை லாரி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு.

காலையில சட்டியைத் தேடிப் பார்த்தவரு, "உலகப்பன் ஆள் விட்டுத் தூக்கிட்டான். இப்பவே போலிஸ்ல சொல்றேன்"னு மோட்டார் சாவியை எடுத்தார். பாவம், அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையைப் பார்த்தவர். மனசு கேக்கல. "நில்லுங்க, நான்தான் தெரியாம வீசிட்டேன்"னு சொன்னேன்.

திட்டுவார்னு நினைச்சேன். திட்டல. நாற்காலியில உக்காந்து என்னையே பார்த்தார்.

"அந்தப் பழக்கூடைக்காரன் உன்கிட்டத் தனியா என்ன பேசுனான்?"

ஆஸ்பத்திரில மூணு நாள் கண்ணை மூடாம என் பிள்ளை பக்கத்துல உக்காந்திருந்தவ நான். என்கிட்டக் கேக்குறார்.