ஒன்றேமுக்கால் அடி

நீடாமங்கலத்தில் பஸ் ஏறி நாலாவது நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு பத்து நிமிஷம் நடந்தால் வரும் தெருவில் கடைசிக்கு முந்தைய வீடு குந்தவையுடையது. நாற்பத்தைந்து வயது. சொந்த நிலம் ஒரு ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர். புருஷன் துரைராசு பதினோரு வருஷமாகச் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். முப்பது மாடிக்குச் சுவர் எழுப்புகிற அந்த மனுஷனால், சொந்தக் கொல்லையில் ஒன்றேமுக்கால் அடி இடைவெளியை அடைக்க ஒரு வழி சொல்ல முடியவில்லை. குந்தவையின் எரிச்சலில் பாதி அது. மீதிப் பாதி மஸ்கட்டில் இருந்தது.

பங்குனியில்தான் வேலி போட்டாள். கொல்லைக்கு ஒரு பக்கம் அவள் வீடு, ஒரு பக்கம் பக்கத்து வீட்டின் நீளச் சுவர். மற்ற இரண்டு பக்கமும் கல்தூண் ஊன்றிக் கம்பி வலை கட்டியாயிற்று. வேலிக்காரர் மனை அளந்த கல் வரைக்கும் வந்து, கடைசித் தூணை நட்டுவிட்டு, இதற்கு மேல் உங்கள் இடமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதும் சரிதான். அந்த வட்டாரத்தில் வீடு கட்டுகிற யாரும் எல்லை வரைக்கும் சுவர் வைப்பதில்லை. பூசவும் வெள்ளையடிக்கவும் சாரம் கட்ட வேண்டுமே என்று கொஞ்சம் விட்டுத்தான் கட்டுவார்கள். பக்கத்து வீட்டு ஜாஃபர் சாதிக் ஒன்றேமுக்கால் அடி விட்டிருந்தான். வேலி முடிந்த தூணுக்கும் அவன் சுவருக்கும் நடுவே அந்த ஒன்றேமுக்கால் அடி ஆவென்று திறந்து கிடந்தது.

கொல்லையில் வெறும் கத்தரியும் வெண்டையும் என்றால் குந்தவை தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். அங்கே இருந்தது குறுவை நாற்று. மெஷின் நடவுக்கு நாற்றை வயலில் விடுவதில்லை. வீட்டோரம் பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே சலித்த மண்ணைப் பரப்பி, முளைகட்டிய விதையைத் தெளித்து, பாய் மாதிரி வளர்த்துச் சுருட்டி எடுத்துப் போகிறார்கள். மூன்று ஏக்கருக்கும் ஆன நாற்று அது. விதைத்த பதினெட்டாம் நாள் மெஷின் வருகிறது. அன்றைக்கு நாற்று இல்லையென்றால் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்ப வர இருபது நாளாகும். இருபது நாள் பிந்தின குறுவை ஐப்பசி மழையில் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டுப்போனதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் நாற்று ஒரு விரற்கடை பச்சை காட்டியது. ஆறாம் நாள் காலை ரெத்தினத்தின் ஆடு உள்ளே நின்றது.

ரெத்தினம் தெருக்கோடிக்காரர். ஏழு ஆடு. அறுவடை முடிந்த நாளிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை அந்த ஊரில் ஆட்டை யாரும் கட்டிப்போடுவதில்லை. அது ஊர் வழக்கம். குந்தவையோ போர்வெல் தண்ணீரை நம்பி முன்கூட்டியே விதைத்தவள். அவள் போய்ச் சத்தம் போட்டபோது ரெத்தினம் கோபப்படவேயில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"ஆத்துல தண்ணி வரட்டும் தங்கச்சி, மறுநிமிஷம் கட்டிப்புடறேன். தண்ணி வர்றதுக்கு முன்ன ஆட்ட யாரு கட்டுனா, நீயே சொல்லு."

அவள் அப்பாவும் கட்டினதில்லை.

முதலில் கருவமுள்ளை வெட்டிவந்து அடைத்தாள். கிடா தலையைக் கொடுத்து முள்ளை மொத்தமாக உள்ளே தள்ளிவிட்டு வந்தது. போதாததற்கு முள் உரசிச் சுவரில் கோடு விழுந்துவிட்டது. பழைய இரும்புக் கட்டிலை நிறுத்தி வைத்தாள். கீழே இருந்த இடுக்கில் குட்டி நுழைந்தது, குட்டி கத்தியதைக் கேட்டுத் தாய் கட்டிலைச் சாய்த்துக்கொண்டு நுழைந்தது. பச்சை வலை வாங்கிவந்தாள். ஒரு முனையைத் தூணில் கட்டினாள். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே கட்டுவது என்று நின்றாள். எதிரே பளபளவென்று ஜாஃபர் சாதிக்கின் சுவர். ஒரு ஆணி கிடையாது. இரண்டே இரண்டு ஆணி இருந்தால் முடிந்துபோகிற காரியம்.

கேட்காமல் அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்கிற ஜாதி இல்லை குந்தவை. ஜன்னத் பீவியிடம் போனாள். ஜாஃபர் சாதிக்கின் தாயார், அறுபதைத் தாண்டியவர், அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருப்பவர். குந்தவை கல்யாணமாகி நன்னிலத்திலிருந்து வந்த நாள்முதல் பேசிப் பழகியவர். முள் கீறிய கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வீடு மகன் பேரில் இருக்கிறது, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். மஸ்கட்டில் வேலை பார்க்கிற மகன் லீவு நாளான வெள்ளிக்கிழமைதான் பேசுவான்.

வெள்ளிக்கிழமை வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் குந்தவையையும் பக்கத்தில் உட்காரவைத்தார். ஜாஃபர் சாதிக் மரியாதையாகத்தான் பேசினான். ஆணி அடித்தால் ஈரம் இறங்கும், எஞ்சினியர் அப்போதே சொல்லியிருக்கிறார் என்றான். அப்படியானால் சுவரைத் தொடாமல் நடுவில் ஒரு தூண் ஊன்றிக்கொள்கிறேன் என்றாள் குந்தவை. அதற்கும் ஜாஃபர் சாதிக் ஒப்பவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. நீங்க அப்படியில்ல. ஆனா கல்லு ஊண்டிட்டா நாளைக்கு அனுபோகம் அது இதுன்னு பேச்சு வரும். டிசம்பர்ல லீவுல வர்றேன், நேர்ல பாத்து முடிச்சிக்கலாம்."

டிசம்பரில். நாற்றுக்கு அன்றைக்கு ஒன்பது நாள். ஒன்றேமுக்கால் அடி மண்ணை அமுக்கப் பார்க்கிறவள் என்று தன்னை ஒருத்தன் மரியாதையாகச் சொல்லிவிட்டானே என்று குந்தவைக்குக் காது சுட்டது. ஜன்னத் பீவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை துரைராசு வீடியோவில் வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நடுவில் ஒரு போஸ்ட் கல் நட்டால் முடிந்தது, இதற்குப் போய் இவ்வளவா என்றான். குந்தவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதற்குள் பாயில் ஓரமாக ஒரு முழத்துக்கு நாற்று மொட்டையாகியிருந்தது.

பத்தாம் நாள் அவளுக்கு வெறி வந்துவிட்டது. மாட்டுக்கொட்டகை கட்டி மிஞ்சின செங்கல் கிடந்தது, அரை மூட்டை சிமெண்டும் கிடந்தது. தானே குழைத்தாள். அந்த இடைவெளியில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் குட்டிச்சுவர் எழுப்பினாள். பக்கத்துச் சுவரில் படக் கூடாது என்று ஒரு விரல் இடம் விட்டாள், ரோஷம் அப்படி. ஜாஃபர் சாதிக் டிசம்பரில் வந்து வேண்டுமானால் இடித்துக்கொள்ளட்டும். ஜன்னத் பீவி ஜன்னலில் நின்று பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை கிடா வந்தது, சுவரை முகர்ந்தது, திரும்பிப் போனது. அவ்வளவு நிம்மதியாக அவள் காப்பி குடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

இங்கே குந்தவையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அடைமழையில் ஊர் வயலெல்லாம் முங்கிக் கிடந்தபோது, வடிகாலை மறித்து ஒருவர் போட்டிருந்த வரப்பை மண்வெட்டியோடு தனியாளாகப் போய் வெட்டிவிட்டவள் அவள். பஞ்சாயத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். வடிகாலை அடைக்கிறவன் கை விளங்காது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஊரில் தண்ணீர் தேங்கினால் குந்தவையைக் கூப்பிடுங்கள் என்பார்கள். அவள் வீட்டுக் கொல்லைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். சுவர் வைத்த அன்றைக்கு அவள் கண்ணுக்கு ஆட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

பதின்மூன்றாம் நாள் மெஷின்காரரிடம் தேதியை உறுதி செய்ய நீடாமங்கலம் போனாள். பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் கருத்து, முக்கால் மணி நேரம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. பஸ்ஸில் திரும்பும்போது, நல்ல மழை, நாற்றுக்கு நல்லது என்று பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கொல்லையில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது. கூரைத் தண்ணீரும் சேர்ந்து, வழக்கமாக வடிகிற மூலைக்கு வந்து, குட்டிச்சுவரில் முட்டி நின்றுகொண்டிருந்தது; அவள் விட்டிருந்த ஒரு விரல் இடுக்கைச் சருகு அடைத்திருந்தது. பிளாஸ்டிக் தாள் கிளம்பியிருந்தது. பள்ளத்து ஓரத்துப் பாய்கள் துண்டு துண்டாகப் பிய்ந்து மிதந்தன. வேலிக்கு வெளியே ரெத்தினம் ஆட்டைத் தேடி வந்தவர் நின்றார். அவர் சிரித்திருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். அவர் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, வடிகால அடைச்சிருக்கியே" என்றார்.

குந்தவை தண்ணீரில் இறங்கிச் சுவரிடம் போனாள். அடுத்த வீட்டுப் பின்கதவு திறந்தது. ஜன்னத் பீவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாறையை இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி இடித்தார்கள். அவள் அழுதுகொண்டே இடித்தாள், அழுவதை மறைக்கவும் இல்லை. தன் கையால் வைத்த ஒவ்வொரு செங்கல்லும் சரிந்தபோது, தண்ணீர் காலை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியது. அரை ஏக்கருக்கு ஆன நாற்று போய்விட்டிருந்தது. மீதி பிழைத்தது.

சந்து மறுபடி திறந்துகொண்டது. இன்னும் ஐந்து நாள். குந்தவை பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள், அதன் கைப்பிடி இடித்தது, நுழையவில்லை. முக்காலி நுழைந்தது. தூணில் முதுகைச் சாய்த்து முட்டியைச் சுவரில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தால் இடைவெளி அடைபட்டுப்போயிற்று. காலை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அங்கேயே இருந்தாள். சோறு அங்கேயே. சமைக்கவும் குளிக்கவும் அவள் எழுந்தபோது ஜன்னத் பீவி வந்து உட்கார்ந்தார், தொழுகை நேரத்தில் இவள். கிடா தினமும் வந்து இரண்டு முழம் தள்ளி நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போனது. தெருவில் போகிறவர்களும் பார்த்தார்கள். வயது வந்த ஒரு பொம்பளை ஆட்டுக்குப் பயந்து சந்தில் உட்கார்ந்திருப்பது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

பதினெட்டாம் நாள் மெஷின் வந்தது. பாய்களைச் சுருட்டி ஏற்றினார்கள். இரண்டரை ஏக்கர் நட்டாயிற்று, அரை ஏக்கர் பார்க்கலாம் என்று விட்டாயிற்று. நடவு முடிந்து வீட்டுக்கு வந்தவள், கொல்லை காலியாகிவிட்டது என்பதையே மறந்து, போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கிடா வழக்கம்போல வந்தது. அவள் எழுந்து வழிவிட்டாள், போய்த் தின்னேன் என்றாள். அது காலியான தாளை முகர்ந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மகன் பேசுகிற நாள் இல்லை; ஆனாலும் ஜன்னத் பீவி போனோடு வந்தார். மகன் யோசித்துப் பார்த்தானாம். எவ்வளவு இடைவெளி என்று பார்க்க ஒரு போட்டோ அனுப்பச் சொல்கிறானாம்.

"அப்படியே உக்காரு குந்தவை" என்று சொல்லி ஜன்னத் பீவி போட்டோ எடுத்தார். தலை கலைந்து, சேற்றுக் காலோடு, தூணுக்கும் சுவருக்கும் நடுவே பிதுங்கி உட்கார்ந்திருந்தாள் குந்தவை. அதை அனுப்பிவிட்டு, ஜன்னத் பீவி எழுத்துக்கூட்டித் தட்ட ஆரம்பித்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று குந்தவை கேட்டாள்.

"அளவு கேட்டானே. இதான் அளவுன்னு எழுதுறேன்."

ஐந்து நிமிஷத்தில் குரல் செய்தி வந்தது. ஆணி அடிச்சுக்கங்கக்கா, எத்தனை வேணும்னாலும் அடிச்சுக்கங்க என்றான், அவ்வளவுதான் சொன்னான். அதே நேரத்தில் வாய்க்கால் பக்கம் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. ரெத்தினம் ஏழு கயிற்றை எடுத்துக்கொண்டு ஆடுகளைக் கட்டக் கிளம்பினார்.

நாற்று வயலுக்குப் போயாயிற்று, ஆடு கட்டியாயிற்று, இனி அந்தச் சந்து வழியாக நுழைய எதுவும் இல்லை. குந்தவை உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கு எதற்கு, நாளைக்குப் பார்க்கலாமே என்றார் ஜன்னத் பீவி.

"வலைய இழுத்துப் புடிங்க பாயம்மா" என்றாள் குந்தவை. "கீழ ஒரு சாண் விட்டுப் புடிங்க. தண்ணி போவணும்."