சேறு போக மீதி மரம்

துறைமுகத்தில் சரக்கு அளக்கிற வேலை எனக்கு. எதையும் சாக்கு, பெட்டி என்று சுற்றியிருக்கிற பொதியோடு சேர்த்துத்தான் அளப்போம். கப்பலில் இடத்தை அடைப்பது பொதியும்தானே. அதே புத்தியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ரயில் ஏறி, எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்தி மரங்களை அளக்கப் போனேன். சம்பளம் கிடையாது, ஆசைதான். அடிமரத்தில் நாடாவைச் சுற்றி, அளவைக் கைபேசிச் செயலியில் போட்டுப் படத்தோடு அனுப்பினால், வரைபடத்தில் அந்த மரத்துக்கு ஒரு பச்சைப் புள்ளி விழும். நான் அப்பியிருந்த சேற்றையும் ஒட்டியிருந்த சிப்பியையும் சேர்த்து அளந்து தள்ளிவிட்டேன். படங்களைப் பார்த்த, இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர் அம்மா போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுத்த வாரமே துணியோடு போய், எல்லா மரத்தையும் துடைத்து மறுபடி அளந்தேன்.

மரம் அளக்க வருகிற எங்களைப் படகில் கூட்டிப்போகிற அக்கா, ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். பழைய மரங்கள் பட்டுப்போன ஒரு கரையில் அவரே விதை பொறுக்கி வந்து ஊன்றியிருந்தார். பிழைத்தது ஒன்றுதான். வரைபடத்தில் அந்தக் கரை வெறுமையாகவே தெரிந்தது.

"இன்னாம்மே உன் போனு, காலி எடம்னு காட்டுது? என் மரம் கீதுல்ல?" என்று வாராவாரம் என்னோடு சண்டை.

சுற்றளவு பத்து சென்டிமீட்டர் இருந்தால்தான் செயலி அதை மரமென்று ஏற்கும். போன மாதம் இருவரும் இடுப்பளவு சேற்றில் நின்று நாடாவைச் சுற்றினோம். பத்தைத் தாண்டியது! நான் கத்தியே விட்டேன். அக்கா மட்டும் குனிந்து பார்த்தார்.

"இரு, சேறு கீது."

முந்தானையை நனைத்து அழுத்தித் துடைத்தார். போதும் விடுங்கக்கா என்றேன், கேட்கவில்லை. மறுபடி சுற்றினால், பத்துக்கு ஒரு நூல் குறைந்தது.

"ஒரு நூல்தானே அக்கா, பத்துன்னே போட்டுடறேன்."

"வோணாம். மத்த மரத்தெல்லாம் தொட்ச்சிட்டுதான அளந்த? இதுக்கு மட்டும் இன்னா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பாழாய்ப்போன செயலிக்காக அழுகிறோமே என்று எரிச்சலும் வந்தது. அக்கா மரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படகுக்கு நடந்தார்.

"மழ வுட்டப்புறம் வா. அதுவும் இங்கதான் கீது, நானும் இங்கதான் கீறேன்."

கரை சேர்ந்ததும் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் மரம் என்னவாயிற்று என்று கேட்டார்கள். தோற்றுப்போன முகத்தோடு நான் நாடாவைச் சுருட்டினேன். அக்கா படகைக் கட்டிக்கொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஒரு நூலுதான் பாக்கி!"